மலையில்லாத ஊரில் ஒரு மலைச் சைக்கிள்



பேத்தியின் கைக்கட்டுப் படத்தை மருமகள் குடும்பக் குழுவில் போட்ட நாளிலிருந்து நலம் விசாரித்துப் பலர் அழைத்துவிட்டீர்கள். கட்டைப் பிரித்தாயிற்று, முழங்கை நன்றாக மடங்குகிறது. எப்படி விழுந்தாள் என்று கேட்டவர்களிடம் "சைக்கிளில் இருந்து" என்று மட்டும் சொல்லி நழுவிவிட்டேன். அவள் விழுந்ததற்குக் காரணம் நான்தான். அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். சரித்திர வாத்தியார் சொன்னால் கொஞ்சம் பழைய கதையும் கூட வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. உயரம் 132 செ.மீ., எடை 27 கிலோ. போன கோடை விடுமுறையில் கடைக்கு அழைத்துப் போனேன். தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், இரண்டு டிஸ்க் பிரேக் என்று ஒரு சைக்கிள் நின்றது. "எம்டிபி தாத்தா!" என்று குதித்தாள். கடைக்காரர், "வளர்ற பொண்ணு சார், 26 இஞ்ச் எடுங்க, காலேஜ் வரைக்கும் வரும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தீபாவளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக எடுத்து மடித்துத் தைத்துப் போட்டு வளர்ந்த தலைமுறை அல்லவா!

ஆனால் சைக்கிளை மடித்துத் தைக்க முடியாதே. மூன்றாம் வாரம், வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வர, நிறுத்திக் கால் ஊன்றப் பார்த்தாள். கால் எட்டவில்லை. வண்டி சாய்ந்தது, தாங்கிப் பிடிக்க அவளுக்குப் பலம் இல்லை. முழங்கை எலும்பில் விரிசல். பிறகு சைக்கிளைப் பழைய பேப்பர் கடைத் தராசில் தூக்கி வைத்தேன். 17 கிலோ. 65 கிலோ இருக்கும் எனக்கு அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் 41 கிலோ வருகிறது. நிறைந்த காஸ் சிலிண்டரே சுமார் 30 கிலோதான். அதைவிடக் கனமான ஒன்றை ஓட்டு என்று என்னிடம் யாராவது கொடுத்திருந்தால் திண்ணையை விட்டு இறங்கியிருக்க மாட்டேன்.

இது என்னோடு தொடங்கிய தவறு இல்லை. நம் பக்கத்தில் பிள்ளைகள் காலம் காலமாக அடுத்தவருக்காகச் செய்த சைக்கிளைத்தான் ஓட்டினார்கள். என் அப்பா ஆவடி டேங்க் பேக்டரிக்குப் போய்வந்தது ஒரு செகண்ட் ஹேண்ட் ஹெர்குலிஸில். நானும் என் வயதுப் பையன்களும் அந்த மாதிரி வண்டிகளில்தான் கற்றோம். பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் வளைத்துக் குரங்குப் பெடல். அப்புறம் பாருக்கு மேலே. சீட்டில் உட்கார மீசை முளைக்க வேண்டும். வாடகைக் கடையில் அரை வண்டி, முக்கால் வண்டி என்று சிறியவை இருந்தன; காசுதான் இருக்காது. குரங்குப் பெடலைச் சாகசமாக நினைத்து இன்றும் சிரிக்கிறோம். உண்மையில் அது, நம் அளவுக்கு வண்டி இல்லாததற்கு நம் உடம்பு கண்டுபிடித்த வழி.

அந்த ஹெர்குலிஸ் எங்கே செய்தது தெரியுமல்லவா? நம் ரயில் பாதையிலேயே, அம்பத்தூரில். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய கம்பெனி அது. 1951-லிருந்து அங்கே சைக்கிள் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எல்லாம் அதற்கு வெகு பின்னால். சர் ஐவன் ஸ்டெட்போர்டு ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும்போது யார் இந்த வெள்ளைக்காரர் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவர்.

அந்த வண்டி சுமார் 20 கிலோ இருக்கும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பால் கேன், அரிசி மூட்டை, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று ஏற்றுவதற்காகச் செய்தது அது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் பெரும் கூட்டமாக ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத், சில பெண்கள் அதையே விரும்பினார்கள் என்கிறார். ஏன்? பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! குழந்தைக்குச் சைக்கிளில் அன்று இருந்த இடம் அந்தப் பார்தான்.

பிறகு அரசின் விலையில்லாச் சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, சில ஆண்டுகளில் மேல்நிலை வகுப்பில் எல்லோருக்கும் வந்தது. அந்தத் திட்டத்தால் படிப்பை விடாமல் முடித்த பெண்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு. முதல் பெஞ்சில் உட்காரும் குள்ளமான பிள்ளைகள் ஒரு மாதம் தள்ளிக்கொண்டே நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மலைச் சைக்கிள் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாரின் பகுதியில், 1970-களில் சில இளைஞர்கள் மலைப்பாதையில் சைக்கிளை உருட்டிவிட்டு விளையாடினார்கள். அவர்கள் பயன்படுத்தியது 1930, 40-களில் வந்த ஷ்வின் கம்பெனியின் தடித்த டயர் வண்டிகள். அந்த வண்டிகள் பிறந்தது யாருக்காக? சிறுவர்களுக்காக! பொருளாதார மந்தக் காலத்தில், 1933-ல், பையன்கள் முரட்டுத்தனமாக ஓட்டினாலும் தாங்கட்டும் என்று அந்த டயரைப் போட்டார்கள். கனமான வண்டி, இறங்குவதற்கு வசதி. ஏற்றத்துக்குப் பிக்-அப் லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர்: ஒரு முறை இறங்கினால் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து எரிந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும்.

ஏறவும் முடிய வேண்டும் என்று நினைத்தபோதுதான் எடை அவர்களுக்குப் பிரச்சினை ஆனது. 1977-ல் ஜோ பிரீஸ் தானே குழாய்களை இணைத்து, மலைக்கென்றே ஒரு வண்டி செய்தார். 1979-ல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி செய்த சட்டங்களை வாங்கி விற்கத் தொடங்கினார்கள். முன்சக்கர ஸ்பிரிங் பரவலானது 1989-க்குப் பிறகு, ராக்‌ஷாக்ஸ் வந்த பின்பு. அதாவது முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் மலைச் சைக்கிளுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அங்கே எடையைக் குறைத்துக் குறைத்துத்தான் அது வளர்ந்தது. நம் கடைக்கு வந்து சேர்ந்ததோ தோற்றம் மட்டும்: தடித்த இரும்புச் சட்டம், 27 கிலோப் பிள்ளை உட்கார்ந்தால் அசையக்கூட அசையாத ஸ்பிரிங். வேப்பம்பட்டில் ஏறுவதற்கு மலை எங்கே இருக்கிறது? ஏரிக்கரை ஒன்றுதான்.

பிள்ளைகளின் எடையை முதலில் பொருட்படுத்தியவர்களில் ஒருவர் இங்கிலாந்துக்காரர் ஐலா ரவுன்ட்ரீ. அவரே சைக்கிள் பந்தய வீராங்கனை. 2006-ல் ஐலாபைக்ஸ் என்று தொடங்கி, சட்டம், பெடல் தண்டு, பிரேக் பிடி எல்லாவற்றையும் சிறு கை கால்களுக்காகவே வடிவமைத்தார். வியன்னாவில் 2013-ல் வூம் அதே வழியில் வந்தது. அவை நமக்குக் கட்டுப்படி ஆகாத விலை. ஆனால் அவர்கள் பார்த்த கண்ணோடு நம் கடையில் தேடலாம் அல்லவா?

அப்படித்தான் இந்த முறை தேடினேன். முதலில் பேத்தியைச் சுவரோரம் நிற்க வைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு அட்லஸைச் செருகி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தேன். 61 செ.மீ. டேப்போடு கடை கடையாக ஏறினேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். இஞ்ச் கணக்கில் நான் குழம்பியதும் இங்கேதான். என் அப்பா காலத்தில் 22, 24 என்றால் சட்டத்தின் உயரம், சக்கரம் இரண்டிலும் 28 இஞ்ச். இன்று பிள்ளைகள் சைக்கிளில் 20, 24, 26 என்பது சக்கரத்தின் விட்டம். இரண்டுமே பிள்ளையின் காலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சீட்டை முழுக்க இறக்கி, தரையிலிருந்து அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் கிடைத்தது 24 இஞ்ச் சக்கரம், அலுமினியச் சட்டம், ஸ்பிரிங் இல்லாத முன் போர்க், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு கியர். டயர் மட்டும் சற்றுத் தடிமன். நம் தெருக்களின் ஜல்லிக்கு அது வேண்டும். சீட்டை இறக்கினால் இரண்டு முன்பாதமும் தரையில் பதிகிறது. பிரேக் பிடிக்கு விரல் எட்டுகிறது. எடை 10 கிலோ 800 கிராம், அதே பேப்பர் கடைத் தராசில். விலை முதல் சைக்கிளைவிட அதிகம்தான். சீட்டும் ஹேண்டிலும் உயர்த்த இடம் இருப்பதால் மூன்று வருடம் வரும் என்று நினைக்கிறேன்.

பேத்திக்கு முதலில் முகம் சுருங்கியது. "இதுல ஷாக்கரே இல்லையே தாத்தா" என்றாள். ஒரு வாரம் தொடவே இல்லை. கைக்கு அடிபட்ட பயமும் இருந்திருக்கும். நான் வற்புறுத்தவில்லை. போன ஞாயிறு காலை வராந்தாவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவளே சைக்கிளைத் தூக்கி மூன்று படி இறக்கிக்கொண்டிருந்தாள். பெருமாள்பட்டு வரை போய்வந்தோம், நான் என் பழைய வண்டியில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்.

26 இஞ்ச் வண்டி வராந்தாவில் சும்மா நிற்கிறது. மூன்று வாரம்கூட ஓடவில்லை, கீறல் ஒன்றுதான். வளர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். சீட்டு முழுக்க இறக்கியும் 78 செ.மீ. இருக்கிறது. பிள்ளையின் காலை அளந்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.