கடன் அட்டை நிலுவை

கெடு நாளுக்குள் வங்கிக்குச் செலுத்தப்படாத கடன் அட்டைத் தொகை. ஈடில்லாக் கடன் வகையைச் சேர்ந்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும், வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். பலரைக் கடனில் ஆழ்த்துவது இதுவே. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, தாமதம் 3 நாளைத் தாண்டினால் வங்கி அதைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம். குறைந்தபட்சத் தொகையும் 90 நாள் கட்டப்படாவிட்டால் கணக்கு வாராக்கடனாகும். இதனால் கடன் தகவல் நிறுவனம் தரும் சிபில் மதிப்பெண் சரிந்தால் வீட்டுக்கடன் கிடைப்பது அரிது. வட்டிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது.

கட்ட இயலாமை மட்டும் குற்றமாகாது. அது உரிமையியல் வழக்குக்கு உரியது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. ஆனால் அட்டை மோசடி குற்றமே: பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. இத்தகைய மோசடிக்கு 1930 என்ற எண்ணில் புகார் தரலாம்.

எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய வங்கிக் கடன் வழக்குகள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வருகின்றன. அங்கு வழங்கப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.