தெருக்கூத்தில் தொழில் பகிர்வு: திருத்தணி வட்டாரம்

தெருக்கூத்து என்பது வட தமிழகத்தில் விடிய விடிய ஆடப்படும் இசை நாடகம். மலைக்கோயிலுக்குப் பெயர்பெற்ற திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் இது பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில் விழாவின் ஒரு பகுதியாக நடைபெறுகிறது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்திருந்த திருத்தணி, எல்லை மாற்றத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்த எல்லை கூத்தைப் பிரிக்கவில்லை. அப்பால் உள்ள சித்தூர்ப் பகுதியிலும் பாரத விழாவும் கூத்தும் வழக்கில் உள்ளன.

ஜமாவின் வேலைகள்

கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். அதை நடத்துபவர் வாத்தியார். வெற்றிலை பாக்குடன் முன்பணம் பெற்று ஆட்டத்தை ஒப்புக்கொள்வது, வேடங்களைப் பிரித்துக் கொடுப்பது, பாடம் சொல்லிக்கொடுப்பது ஆகியவை அவர் பொறுப்பு. கட்டியக்காரன் பாத்திரங்களை அறிமுகம் செய்து, கதையை விளக்கி, சிரிக்கவும் வைப்பான். மிருதங்கம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் இசைப்போரே பின்பாட்டும் பாடுவர்.

ஒப்பனைக்குத் தனி ஆள் கிடையாது. வேடதாரி தாமே அரிதாரம் பூசிக்கொள்வார். கிரீடம், புஜக்கீர்த்தி முதலிய அணிகளை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்துச் செய்வர்.

ஊரின் வேலைகள்

பாதி வேலை ஊராருடையது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாகும். 'அர்ச்சுனன் தபசு' நாளுக்கு உயரமான தபசு மரம் நட வேண்டும். இறுதி நாள் படுகளத்துக்குத் துரியோதனனின் பெரிய மண்ணுருவம் செய்ய வேண்டும். பந்தல், விளக்கு, கலைஞர்களுக்கான சாப்பாடு ஆகியவற்றை விழாக்குழு கவனிக்கும்.

கம்பெனி நாடகத்துடன் ஒப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் வளர்ந்த மேடை நாடகத்தில், திரை ஓவியர், ஒப்பனையாளர், மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் எனத் தொழில்கள் தனித்தனியாகப் பிரிந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போன்ற ஆசிரியர்கள் பாடல்களையும் வசனத்தையும் எழுதிப் பயிற்றுவித்தனர். கூத்திலோ ஒருவரே பல தொழில் அறிந்தவராக இருக்க வேண்டும்.

இன்றைய நிலை

கூத்துப் பாடல்களும் வசனமும் அச்சு நூல்களாகக் கிடைக்கின்றன. அடவும், அணிகலன் செதுக்கும் முறையும், முகவீணை வாசிப்பும் அவற்றில் இல்லை. உடனிருந்துதான் கற்க வேண்டும். முகவீணைக் கலைஞர்கள் அருகிவிட்டதால் பல ஜமாக்களில் ஆர்மோனியம் மட்டுமே ஒலிக்கிறது. நாடகப் பிரதியைக் காப்பது மட்டும் கூத்தைக் காப்பதாகாது. இத்தொழில்களுக்கு மாணவர்களும் வேண்டும்.