களைப்பைக் கணக்கு போட்ட கீவ்

இன்னைக்கு பயிற்சியில ஜிபிஎஸ் வெஸ்ட் மாட்டாத பெரிய கால்பந்து அணியைப் பார்க்கிறது அபூர்வம். ஆனா களைப்பை எண்ணாக்கணும்ங்கிற ஆசை ரொம்பப் பழசு.

1970கள். சோவியத் யூனியனின் டைனமோ கீவ் அணி. பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி, இன்ஜினியரிங் படிச்சவர். கூடவே அனடோலி ஜெலென்த்சோவ்ங்கிற விஞ்ஞானி. யார் எவ்வளவு ஓடணும், எப்போ ஓய்வு, எல்லாமே கணக்கு. 1975-ல கப் வின்னர்ஸ் கப் இறுதியில ஹங்கேரியின் பெரென்ட்ஸ்வாரோஷை 3-0னு ஜெயிச்சாங்க.

அடுத்த வருஷம்தான் வில்லங்கம். கிட்டத்தட்ட இதே பசங்கதான் தேசிய அணியும். லீக், ஐரோப்பிய ஆட்டங்கள், மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்... பயிற்சிச் சுமையோ குறையவே இல்லை. செயின்ட் எட்டியெனை முதல் ஆட்டத்துல 2-0னு ஜெயிச்சவங்க, அடுத்த ஆட்டத்துல எக்ஸ்ட்ரா டைம்ல 3-0னு தோத்தாங்க. ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம்தான். திரும்பி வந்த ஆட்டக்காரங்க பயிற்சியாளர்களுக்கு எதிராவே கிளம்பிட்டாங்க. அதுவும் சோவியத் நாட்டுல! லோபனோவ்ஸ்கியோட சக பயிற்சியாளர் ஒலெக் பசிலேவிச் வெளியேறினார். லோபனோவ்ஸ்கி கீவ்லயே நீடிச்சார், 1986-ல அதே கோப்பையை மறுபடியும் ஜெயிச்சார்.

என்னைக் கேட்டா, அளந்தது தப்பில்லை. ஓடுறவன்கிட்ட கேட்காம அளந்ததுதான் சிக்கல். இப்போ பல அணிகள்ல பயிற்சி முடிஞ்சதும், "எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எவ்வளவு?"ன்னு ஆட்டக்காரரையே கேட்டு, அதையும் ஜிபிஎஸ் கணக்கோட சேர்த்து எழுதிக்கிறாங்க.