பார்வையின்மைக்குப் பின் பார்வை

பிறவியிலோ கைக்குழந்தைப் பருவத்திலோ பார்வையை இழந்த ஒருவர், வளர்ந்து ஆளான பின் அறுவை சிகிச்சையால் பார்வை பெறுவதை இத்தலைப்பு குறிக்கும். இவ்வாறு பார்வை பெற்றோர் எண்ணிக்கையில் குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு லென்சிலோ (கண்புரை) கருவிழியிலோ இருந்தது. விழித்திரையும் பார்வை நரம்பும் செயல்பட்டால்தான் இவ்வறுவை பயன்தரும் என்பதால், ஏறத்தாழ இவர்கள் அனைவருமே முன்பும் வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தறிந்தவர்கள். பழைய குறிப்புகளில் வரும் ‘முற்றிலும் குருடர்’ என்ற சொற்களை இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

மங்கிய லென்சை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. அப்படிப் பார்வை பெற்றவர்கள் முதலில் என்ன கண்டார்கள் என்பதற்கு அந்நூலில் குறிப்பில்லை. மாற்கு நற்செய்தியில், பார்வை பெற்ற ஒருவருக்கு மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்ததாக ஒரு செய்தி வருகிறது. பிற்கால நரம்பியலாளர் சிலர் இதை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டியுள்ளனர்.

இப்பொருள் தத்துவ விவாதத்தில் நுழைந்தது அயர்லாந்தில். டப்ளின் அறிஞர் வில்லியம் மோலினியூவின் மனைவி திருமணமான சில காலத்திலேயே பார்வையை இழந்தவர். மோலினியூ 1688இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டே அறிந்த பிறவிப் பார்வையற்றவர் ஒருவர் பார்வை பெற்றால், தொடாமலே எது கோளம், எது கனசதுரம் என்று சொல்வாரா? தாமே ‘சொல்லமாட்டார்’ என்றும் முடிவு கூறினார். லாக் அதை ஏற்று, மனித அறிவு பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். தத்துவ அறிஞர் பெர்க்லியும் 1709இல் அதே பக்கம் நின்றார். இரண்டு பொருள்களும் எவை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், யோசித்துக் கண்டுகொள்ள முடியும் என்றார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்சு.

முதல் விரிவான மருத்துவப் பதிவு லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன் 1728இல் வெளியிட்டது. நோயாளி, மங்கிய லென்ஸ் ஊசியால் தள்ளப்பட்ட, ஏறத்தாழ 13 வயதுச் சிறுவன். எல்லாப் பொருள்களும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே அவன் உணர்ந்தான். அவனுக்கு மிகவும் பிடித்த நிறம் பளிச்சென்ற சிவப்பு. பூனை எது, நாய் எது என்பது அடிக்கடி மறந்துவிடும். கேட்க வெட்கப்பட்டு, ஒருநாள் பூனையைப் பிடித்து மெல்லத் தடவிப் பார்த்து, உற்று நோக்கி, இனி உன்னை அடையாளம் தெரியும் என்று சொல்லி இறக்கி விட்டானாம். ஓவியங்கள் திண்மையான பொருள்களைக் காட்டுகின்றன என்பது அவனுக்கு விளங்க இரண்டு மாதமாயிற்று. விளங்கிய பின், தொட்டால் தட்டையாக இருக்கிறதே என்று திகைத்து, கை பொய் சொல்கிறதா, கண் பொய் சொல்கிறதா என்று கேட்டான். இந்தச் சில பக்கங்களை வால்ட்டேர் 1738இல் ஐரோப்பா முழுதும் அறியச் செய்தார். சிறுவனின் வாய்மொழி செசல்டன் வழியாக மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அவனிடம் வழிகாட்டும் கேள்விகள் கேட்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் அன்றே எழுந்தது. லென்ஸ் இல்லாத கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும் என்பதால், மோலினியூவின் கேள்விக்கு இது விடையாகுமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் வார்ட்ராப் (1826), ஃபிரான்சு (1841) ஆகியோரின் அறிக்கைகள் குறிப்பிடத்தக்கவை. 1932இல் ஜெர்மானியரான மரியஸ் ஃபான் சென்டன் அதுவரை கிடைத்த 66 நேர்வுகளைத் தொகுத்தார். பிறவிப் பார்வையற்றவருக்கு இடம், வெளி பற்றிய உணர்வே கிடையாது என்ற அவரது முடிவைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை.

மிக நுணுக்கமாக ஆவணப்படுத்தப்பட்டவர் ‘எஸ்.பி.’ என்ற முதலெழுத்துகளால் ஆய்வுலகம் அறிந்த ஆங்கிலேயர். 1906இல் பிறந்த அவருக்குப் பத்து மாதக் குழந்தையாக இருக்கையில் பார்வை போயிற்று. செருப்புத் தைப்பது தொழில். நண்பரின் தோளில் ஒரு கை வைத்தபடி சைக்கிள் ஓட்டுவார். மைத்துனரின் காரைக் கழுவும்போது அதன் உருவத்தைக் கையாலேயே கற்பனை செய்து மகிழ்வார். 52ஆம் வயதில், 1958 டிசம்பரிலும் 1959 ஜனவரியிலுமாக, இரு கண்களிலும் கருவிழி மாற்று அறுவை நடந்தது. உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரியும் ஜீன் வாலசும் அவரைப் பரிசோதித்து 1963இல் வெளியிட்ட சிறுநூல் இத்துறையில் இன்றளவும் முதன்மை ஆவணம்.

கட்டு அவிழ்த்ததும் குரல் வந்த திசையில் திரும்பினார். அங்கே ஒரு மங்கல் தெரிந்தது. குரல் அங்கிருந்து வந்ததால் அது முகமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். சில நாளில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கையால் தடவாமலே நடந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தார். இது எப்படி என்ற கேள்விக்கு விடை அவர் சட்டைப்பையில் இருந்தது: கண்ணாடி நீக்கிய கடிகாரம், முட்களைத் தொட்டு மணி அறிவது அவர் வழக்கம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை உடனே படித்தார், சிறிய எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. பார்வையற்றோர் பள்ளியில் மரக்கட்டை எழுத்துகளாகத் தடவிக் கற்றவை பெரிய எழுத்துகள் மட்டுமே. விரல் கற்றிருந்ததைக் கண் எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வரலாற்றில் இல்லை. பேருந்து ஒன்றை வரையச் சொன்னபோது சக்கரமும் சன்னலும் வந்தன. அவர் கை எட்டாத முன்பகுதி மட்டும் வரவில்லை.

தொடாதவற்றில் அவர் தடுமாறினார். மாடிச் சன்னலிலிருந்து கையால் தொங்கியே தரையில் கால் ஊன்றிவிடலாம் என்று நினைத்தார். தரையோ பல மடங்கு ஆழத்தில் இருந்தது. பார்ப்பவர் எவருக்கும் முன்னும் பின்னுமாக மாறித் தோன்றும் கனசதுரக் கோட்டுப்படம் அவருக்கு மாறவே இல்லை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், அவர் காண வெகுகாலம் ஏங்கிய திருகு வெட்டும் கடைசல் எந்திரத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் காட்டியபோது, ஏறத்தாழ எதுவுமே புரியவில்லை. பேழையைத் திறந்துவிட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு எந்திரம் முழுவதையும் ஆவலோடு தடவினார். பிறகு ஓரடி பின்வாங்கிக் கண் திறந்து, தொட்டாயிற்று, இப்போது தெரிகிறது என்றார்.

வீடு திரும்பிய பின் உற்சாகம் வடிந்தது. தடியை முன்னே நீட்டித் தயங்காமல் சாலையைக் கடந்தவர், வாகனங்களைக் கண்ணால் கண்டதும் அஞ்சினார். உரிந்த சாயமும் பொருள்களின் கறைகளும் அவரை வருத்தின. மாலையில் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பார். 1960இல் இறந்தார். இந்தச் சோர்வுக்குப் பார்வை வந்ததே காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். முன்பிருந்தே அவரது உடல்நலமோ மனநிலையோ காரணமாக இருந்திருக்கலாம் என்பாரும் உண்டு. தாம் பார்வையற்றவராக இருந்து சாதித்தவை, பார்வையுள்ளவர் நடுவே அற்பமாகிவிட்டதாக அவர் உணர்ந்தார் என்பது கிரெகரியின் கருத்து.

இத்தகைய தடுமாற்றங்களுக்கு மூளை ஆய்வும் ஒரு விளக்கம் தந்தது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, மூளை பார்க்கக் கற்கும் பருவம் இளமையிலேயே உண்டு என்று காட்டிய நரம்பறிவியலாளர்கள் ஹியூபெல், வீசெல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். மூன்று வயதில் பார்வை இழந்து 2000ஆம் ஆண்டு மீண்டும் பெற்ற அமெரிக்கர் மைக்கேல் மே, அசைவையும் நிறத்தையும் நன்கு கண்டார். முகங்களும் ஆழமும் பிடிபடவில்லை.

பார்க்கக் கற்கும் பருவம் கடந்தால் கதவு முற்றிலும் அடைபடும் என்ற கருத்தை இந்திய ஆய்வுகள் தளர்த்தின. பன்னிரண்டு வயதில் புரை நீக்கப்பட்ட பெண் ஒருவரை இருபது ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, பார்வைக்கூர்மை குறைவாயினும் அன்றாடக் காட்சிப் பணிகளில் அவர் தேறியிருந்தது தெரிந்தது (2006). நரம்பறிவியலாளர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம் டெல்லியில் சிகிச்சையையும் ஆய்வையும் இணைத்தது. 2011இல் 8 முதல் 17 வயதுள்ள ஐவரிடம் மோலினியூவின் கேள்வியே கட்டைகளைக் கொண்டு கேட்கப்பட்டது. தொட்டதைக் கண்ணால் அடையாளம் காண்பதில் தொடக்கத்தில் குருட்டாம்போக்கை விடச் சற்றே மேல், 58 விழுக்காடு. சில நாள்களில் திறன் விரைந்து உயர்ந்தது. சோதனை முறை பற்றிய மறுப்புகள் உண்டு.

விழித்திரை செயல்படாவிட்டால் அறுவை பயன்தராது; எனினும் அத்தகைய பிறவி விழித்திரைக் குறைபாடு ஒன்றுக்கான மரபணு மருந்துக்கு அமெரிக்கா 2017இல் ஒப்புதல் அளித்தது.