எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவே

குற்றாலத்தில் அன்று எண்ணெய் தேய்த்து அருவிக்குள் நின்றவனுக்குத் தெரியும்: எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. இந்தப் பகையை வைத்தே உயிரணு தன் எல்லையைக் கட்டிக்கொள்கிறது. பாஸ்போலிப்பிடின் பாஸ்பேட் தலை நீரை நாடும். கொழுப்பு வால்கள் இரண்டும் விலகும். அவை ஈரடுக்காய் நின்றால் சவ்வு. அது வெறும் சுவரும் அல்ல. சாகிற உயிரணு பாஸ்பாடிடைல்செரீனை வெளிப்புறம் திருப்பி, 'என்னை எடுத்துப்போ' என்று விழுங்கணுக்களுக்குச் சொல்கிறது.

லெசித்தின் உருவாகும் விதத்தை 1956இல் கென்னடியும் வைஸும் விளக்கினார்கள்: கோலின் பாஸ்பேட் ஏற்று, சி.டி.பி.யோடு இணைந்து, டைகிளிசரைடில் போய்ச் சேர்கிறது. பாடநூல்களில் இது 'கென்னடி பாதை'.

சரி, பிரித்தெடுத்த பாஸ்போலிப்பிடை எப்படி அளப்பது? அமிலத்தில் சிதைத்து, பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து, நீலமாக்கி, நீலத்தின் அடர்த்தியைப் பார்த்துத்தான். பாஸ்பரஸை இப்படி அளக்கும் முறையை 1925இல் ஹார்வர்டிலிருந்து ஃபிஸ்கேயோடு வெளியிட்டவர் எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதற்காக எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். 1959இல் பார்ட்லெட் திருத்திய வடிவில் அம்முறை பாஸ்போலிப்பிட் ஆய்வுகளில் பரவலாயிற்று.

கருத்து உயர்ந்தது, அளவை கைவேலை என்கிற படிநிலை அறிவியல் வரலாற்றிலும் உண்டு. சவ்வின் கதையைச் சொல்கிறவர்கள் பாதையிலிருந்து தொடங்குகிறார்கள். நீலத்திலிருந்து தொடங்கினால் சென்னையும் கதரும் அதற்குள் வந்தே தீரும்.