சத்தம் போடாத டீசல்

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம் மறுபடி நடந்தது 1949-ல். அந்த ஆண்டே அங்கே ஒரு டீசல் கார் ஓடியிருக்கிறது. டெலெட்ரே சகோதரர்கள் கொண்டுவந்த அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 1952-ல், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் காரை ஃப்ரெட் அகபாஷியன் ஓட்டினார். தகுதிச் சுற்றில் தொடக்க வரிசையின் முதலிடத்தைப் பிடித்தார். ஆனால் பந்தயத்தில், டயர்கள் உதிர்த்த ரப்பர் துகள்கள் டர்போவின் காற்று வழியை அடைத்துக்கொள்ள, கார் ஓரங்கட்டியது. அதன்பிறகு டீசலைப் பெரிய பந்தயங்களில் நம்பியவர்கள் குறைவு. லாரிக்கும் டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் உரியது அது, பந்தயத்துக்கு ஆகாது என்ற எண்ணம் ஐம்பது வருடத்துக்கு மேல் பெரிதாக அசையாமல் நின்றது.

அதை அசைத்த கார் ஔடி ஆர்10 டிடிஐ. 2005 டிசம்பரில் பாரிஸ் நகரில் உலகத்துக்குக் காட்டினார்கள். ஐரோப்பாவில் அப்போது விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி டீசல். அந்தச் சந்தைக்கு லெ மான் வெற்றியைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஔடியின் பந்தயப் பிரிவுத் தலைவர் வொல்ஃப்காங் உல்ரிச்சும் இன்ஜின் பொறுப்பாளர் உல்ரிச் பரெட்ஸ்கியும் அதற்காக இறங்கிய வேலை எளிதானதல்ல.

டீசலில் தீப்பொறி பிளக் இல்லை. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும். அதைத் தாங்க இன்ஜின் கனமாக இருந்தாக வேண்டும். ஆர்10-ல் அலுமினியத்தில் வார்த்த 5.5 லிட்டர் வி12 இன்ஜின், இரண்டு டர்போ, 650-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன். இவற்றைவிட முக்கியமான எண் 1,100 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் விசை. பெட்ரோல் பந்தய இன்ஜின் நிமிடத்துக்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் சுற்று சுற்றித்தான் தன் பலத்தைக் காட்டும். இது மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும். அந்த விசையைத் தாங்க கியர்களைத் தடிமனாக்க வேண்டியிருந்தது. அதனால் ஆறு கியருக்குப் பதில் ஐந்துதான்.

போட்டி அணிகளுக்கு இந்த இன்ஜினின் அளவில் வருத்தம் இருந்தது. டர்போ வைத்த பெட்ரோல் காருக்கு விதி நான்கு லிட்டர்தான் அனுமதித்தது, டீசலுக்கு ஐந்தரை. சலுகை என்று சொன்னவர்கள் சொன்னது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். அமைப்பாளர்களே பிறகு அதை உணர்ந்ததுபோல, 2007-ல் டீசல் கார்களின் டேங்கை 90 லிட்டரிலிருந்து 81 லிட்டராகக் குறைத்தார்கள். ஆனால் சலுகை மட்டும் இருபத்து நான்கு மணி நேரம் காரை ஓட்டிவிடாது.

2006 மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயம்தான் ஆர்10-ன் முதல் களம். ஓட்டுநர்கள் கப்பெல்லோ, கிறிஸ்டென்சன், மெக்நிஷ் மூவரும் முதல் முயற்சியிலேயே வென்றார்கள். ஜூனில் லெ மான். பிராங்க் பீலா, எமானுவேலே பிர்ரோ, மார்கோ வெர்னர் ஓட்டிய 8-ஆம் எண் கார் 380 சுற்றுகள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரண்டாவதாக வந்த பெஸ்கரோலோ அணியை நான்கு சுற்று பின்னால் விட்டது. லெ மானில் டீசல் வென்றது அதுவே முதல் தடவை. ஆனால் வேலியோரம் நின்றவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது அதன் அமைதி. காதைப் பொத்த வைக்கும் கார்களுக்கு நடுவே இது காற்றைக் கிழிக்கும் ஓசையோடு கடந்து போனது. வெளியேறும் புகையை வடிகட்டும் கருவியும் டர்போக்களும் சேர்ந்து சத்தத்தை விழுங்கிவிட்டன. ஓட்டுநர்களுக்கே இன்ஜின் சரியாகக் கேட்காது. ஸ்டீயரிங்கில் எரியும் விளக்குகளைப் பார்த்துத்தான் கியர் மாற்றினார்கள்.

2007-ல் பெஜோ தன் சொந்த டீசலோடு வந்தது: 908 எச்டிஐ. அந்த ஆண்டும் ஔடிதான் வென்றது. 2008 அப்படி இல்லை. தகுதிச் சுற்றில் பெஜோ 3 நிமிடம் 18 வினாடியில் ஒரு சுற்றை முடிக்க, ஔடி ஐந்து வினாடி பின்தங்கியது. ஒரு சுற்றுக்கு ஐந்து வினாடி என்றால், முன்னூற்றைம்பது சுற்றுக்கு மேல் ஓடும் பந்தயத்தில் கணக்கே முடிந்துபோனது என்று அர்த்தம். ஆனாலும் ஔடி கணக்கை விடவில்லை. எரிபொருள் நிரப்பி டயர் மாற்ற நிற்கும் பிட்டில் வீணாகும் ஒவ்வொரு நொடியையும் குறைத்தார்கள், தவறே செய்யாமல் ஓட்டினார்கள், மழைக்குக் காத்திருந்தார்கள். மழை வந்தது. ஈரத் தரையில் பெஜோ தடுமாற, கிறிஸ்டென்சன், மெக்நிஷ், கப்பெல்லோ ஓட்டிய கார் முன்னே போனது. 381 சுற்றுகள் முடிந்தபோது, பெஜோ அதே சுற்றில் நாலரை நிமிடம் பின்னால் இருந்தது. இந்தக் கார் பெற்ற மூன்று லெ மான் வெற்றிகளில் எனக்குப் பெரியது இதுதான். வேகத்தில் தோற்றுக்கொண்டே வென்றது அது.

2009-ல் ஔடி புதிய ஆர்15-க்கு மாறியது. பழைய ஆர்10-கள் கோலஸ் என்ற தனியார் அணிக்குப் போயின. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். ஆந்த்ரே லொட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் இருவரோடு லெ மானில் ஆர்10 ஓட்ட அவர் ஒப்பந்தமாகியிருந்தார். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. மூன்று பேர் பங்கிட வேண்டிய 24 மணி நேரத்தை மற்ற இருவரே ஓட்டி, ஏழாம் இடம் பிடித்தார்கள். அந்த ஓட்டம் பலர் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு லொட்டரரை ஔடியே சேர்த்துக்கொண்டது, பிறகு அவர் மூன்று முறை லெ மான் வென்றார். நரேனுக்கு அந்த வாய்ப்பு போனதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

பிறகு வந்ததையும் சொல்ல வேண்டும். சாலை டீசல் கார்களின் புகைச் சோதனையில் வோல்க்ஸ்வாகன் குழுமம் செய்த மோசடி 2015-ல் வெளிவந்தது. 2016-க்குப் பிறகு ஔடி, லெ மான் இடம்பெறும் பந்தயத் தொடரிலிருந்து விலகியது. ஆர்10-ன் வெற்றி எந்த நம்பிக்கையை விற்றதோ, அந்த நம்பிக்கையை அவர்களே உடைத்தார்கள். களத்தில் அந்தக் காரோடு உழைத்தவர்கள் பேரில் அந்தக் கறையைப் பூச எனக்கு மனமில்லை.

கார் அதன்பிறகும் ஓடிக்கொண்டிருப்பது வீடியோ கேம்களில். 2010-ல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ 5’-ல் 2006-ஆம் ஆண்டின் ஆர்10 இருக்கிறது. பெஜோ 908-உம் இருக்கிறது. பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர் முதல் தடவை இதை எடுத்தால் கட்டாயம் தடுமாறுவார். இன்ஜின் கூச்சலிடும் என்று காத்திருப்பார்; கூச்சல் வராது; இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் எல்லையில் முட்டி நின்றிருக்கும். லெ மான் களத்தின் மல்சான் வளைவில் பிரேக் விட்டு வெளியே வரும்போது, கியரை இறக்காமல் மெல்ல அழுத்திப் பாருங்கள். மற்ற கார் மூச்சு வாங்கும் இடத்தில் இது முதுகில் கைவைத்துத் தள்ளும். அவசரமாக அழுத்தினால் பின் சக்கரம் வழுக்கிச் சுழற்றிவிடும். டார்க் என்ற எண் என்னவென்று விரலுக்குப் புரிவது அப்போதுதான்.

அந்த விளையாட்டில் லெ மான் களத்தில் முழு 24 மணி நேரப் பந்தயமும் உண்டு. ஆரம்பத்தில் நடுவே சேமிக்கக்கூட முடியாது. கன்சோலை இரவெல்லாம் எரியவிட்டு ஆடினார்கள். பிட்டில் நிறுத்திச் சேமிக்கும் வசதியைப் பிறகுதான் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து மணிக்கணக்கில் ஓட்டும்போது, ஒரு சுற்றின் வேகத்தைவிட எத்தனை தடவை பிட்டுக்குள் போகிறோம், டயரை எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறோம் என்பதுதான் கையில் நிற்கும். 2008-ல் ஔடி அணி போட்ட அதே கணக்கு. இந்த விளையாட்டின் ஆன்லைன் சேவை 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் பிளேஸ்டேஷன் 3-உம் அந்த டிஸ்க்கும் வைத்திருப்பவர் தனியாக உட்கார்ந்து அந்தப் பந்தயத்தை இன்றைக்கும் ஆடலாம்.