இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகள்

தாறுமாறாகும் இதயத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரவும், மிதமிஞ்சிய வேகத்தைத் தணிக்கவும் கொடுக்கப்படுபவை. இவற்றுள் பழமையான ஒன்றான குயினிடின், சிங்கோனா மரப்பட்டையில் இருப்பது. அம்மரத்தின் இலங்கைக் கதையில் பதுளை மாவட்டத்துக்கும் பங்குண்டு.

1869இல் அம்மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. தேயிலை தலையெடுக்கும் வரை தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவை நம்பினார்கள். நுவரெலியா–பதுளை வீதியிலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவுக்காகத்தான். 1880களில் பட்டை ஏற்றுமதி பெருகியது, விலை விழுந்தது, மரங்களும் போயின. அன்று அது காய்ச்சல் மருந்துக்கான பட்டை, அவ்வளவே.

துடிப்புக் கோளாறு இருந்த வியாபாரி ஒருவர், அந்தப் பட்டையின் காய்ச்சல் மருந்தான கொயினா சாப்பிட்டால் தனக்கு அது நின்றுவிடுவதாகச் சொன்னதை மருத்துவர் வெங்கெபாக் 1914இல் பதிவு செய்தார். நோயாளி சொன்னதைத் தட்டிக் கழிக்காத மருத்துவர்! 1918இல் வால்ட்டர் ஃப்ரே, அப்பட்டையின் சத்துகளில் குயினிடினே வலியது என்று காட்டினார். இன்று அதன் பயன்பாடு அரிது.

குயினிடின் சோடியம் வழியை அடைக்கும் வகை. பீட்டா தடுப்பிகள் (அட்டெனோலோல், பிசோப்ரோலோல்), பொட்டாசியம் வழியை அடைப்பவை (அமியோடரோன்), கல்சியம் வழியை அடைப்பவை (வெரப்பமில்) என்பன ஏனைய வகைகள். டிஜொக்சின் இந்த நான்கிலும் அடங்காது. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, மேலறை நடுங்கும் நோயாளிக்கு அது நாடித் துடிப்பைக் குறைக்கும். ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சிறுநீரகம் பழுதானால் இன்னும் குறையும்.

மற்றொரு மருந்தான அடினோசின் நாளத்தின் வழியே விரைவாக ஏற்றப்படும். சில நொடிகளில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அந்த நொடிகளில் நெஞ்சு அடைத்துப் போனதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தேநீரிலுள்ள கஃபீன் இதன் வேலையைத் தடுக்கும். காலையிலிருந்து சாயத்தண்ணி குடித்துவிட்டு வந்தவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம்.

இம்மருந்துகளே துடிப்பைக் கெடுப்பதும் உண்டு. மாரடைப்புக்குப் பிந்தைய துடிப்புப் பிசகை அடக்கக் கொடுத்த ஃபிளெக்கனைடு, என்கனைடு இரண்டும் மரணங்களைக் கூட்டின என்று 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன்பின் இம்மருந்துகளைக் கையாளும் முறையே மாறிற்று. அமியோடரோனின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயடின். ஆகவே அதை நீண்டகாலம் குடிப்பவர்களுக்குத் தைரொயிட், ஈரல் பரிசோதனை வேண்டும். நுரையீரலையும் கவனிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் மருந்து பல வாரங்கள் உடலில் தங்கும்.